கடைசி ஓவர் யாருக்கு

என் தாய்மாமன் ஓர் உளவாளி என்று ஒரு குளிர்காலம் முழுக்க நம்பியிருந்தேன். எந்த நாட்டுக்கு என்று கேட்காதீர்கள். ஃபர்வானியா கிரிக்கெட் அணிக்கு.

அப்போது நாங்கள் குவைத்தில், அப்பாசியாவில் குடியிருந்தோம். இரண்டாயிரத்தைத் தாண்டிய முதல் சில வருடங்கள். அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ், அப்பா ஏசி மெக்கானிக். அம்மாவின் தம்பியான மாமா எங்கள் ஃபிளாட் ஹாலில் என்னோடு பாய் விரித்துப் படுப்பார். கட்டடங்களுக்கு இரும்புத் தூண் நிறுத்தும் கேங்கில் அவருக்கு வேலை. அந்த கேங்கின் ஃபோர்மேன் தூத்துக்குடிக்காரர்; ஊருக்கெல்லாம் அண்ணாச்சி. மாமாவுக்கு விசா வாங்கித் தந்தவர் அவர். வெள்ளிக்கிழமை காலைகளில் எங்கள் அணிக்குக் கேப்டனும் அவரே. ஆக மாமாவுடைய சோறும் அவர் கையில், பந்தும் அவர் கையில்.

ஆட்டம் மணல் திடலில் நடக்கும். டென்னிஸ் பந்தில் கரண்டு வேலைக்காரர்களின் கறுப்பு டேப்பைச் சுற்றி ஆடுவார்கள். ஆனால் உண்மையான ஆட்டம் அதற்கு முந்தைய சாயங்காலமே எங்கள் கட்டடத்துக்குக் கீழே இருந்த பக்காலாவில் நடந்து முடிந்துவிடும். அந்தச் சின்ன மளிகைக் கடையில் தக்காளிப் பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டு, முதல் ஓவர் யார், கடைசி ஓவர் யார் என்று முடிவு செய்வார்கள். கசக்கிய காகிதத்தைக் குப்பைக்கூடைக்குள் சரியாகப் போடத் தெரியாத என் அப்பாதான் அந்தச் சபையின் தலைவர். கடைசி ஓவரை மாமாவுக்குத் தரவே கூடாது என்பது அவருடைய கட்சி. “மச்சினன்ங்கறதால சொல்லல, மச்சினனா இருந்தும் சொல்லுதேன்” என்பார். இந்த நேர்மையை அம்மா வீட்டில் வேறு விதமாகப் பாராட்டுவாள்.

அந்த வருடம் அப்பாவின் கட்சி பலத்துவிட்டது. காரணம், ஃபர்வானியா அணிக்குப் புதிதாக வந்திருந்த ஒருவர். தொப்பை, வெள்ளைச் சட்டை, கழற்றவே கழற்றாத கறுப்புக் கண்ணாடி. ஏதோ பேங்க் ஆபீசர் என்று நாங்களாகவே அவருக்கு ஒரு உத்தியோகம் கொடுத்திருந்தோம். அவர் மாமாவின் பந்தை, எங்கே விழப்போகிறது என்று முன்கூட்டியே கேட்டுவைத்தவர் போல அடித்தார்.

எங்கள் அணியில் சைகை உண்டு. அண்ணாச்சி பந்து போடுபவருக்குக் கொஞ்சம் தள்ளி நின்று கை காட்டுவார். விரலை வானத்துக்கு நீட்டிச் சுழற்றினால் பந்து தலைக்கு மேலே எகிற வேண்டும். தரையைக் காட்டிச் சுழற்றினால் காலடியில் இறங்க வேண்டும். ஒரு கையை அசைக்காமல் இன்னொரு கைக்கு முன்னால் பிடித்தால் மெதுவாக. இந்த மூன்றையும் கண்ணாடிக்காரர் படித்துவிடுகிறார் என்று பக்காலா சபை கண்டுபிடித்தது. பந்து கிளம்பும் முன்பே அவர் கால் நகர்ந்துவிடுகிறதாம். அப்படியானால் நம் ஆள் யாரோதான் சொல்லிக் கொடுக்கிறான் என்று தீர்ப்பும் சொன்னது. யார் என்பது மட்டும்தான் பாக்கி.

பாக்கியை நான் பார்த்துத் தொலைத்தேன். ஒரு வியாழக்கிழமை குபூஸ் ரொட்டி வாங்கிக்கொண்டு வருகிறேன், தெருமுனையில் கண்ணாடிக்காரரின் கார் வந்து நிற்கிறது, மாமா இறங்குகிறார். உள்ளே இருந்தவர் இரண்டு கைகளையும் முன்னே நீட்டி எதையோ முன்னும் பின்னும் தள்ளிக் காட்டுகிறார். மாமாவும் அதே போலத் தள்ளிக் காட்டிவிட்டுச் சிரிக்கிறார். நாளைய ஆட்டத்துக்கு ஒத்திகை என்று எனக்கு விளங்கிவிட்டது. கையிலிருந்த குபூஸ் ஆறிப்போனது. எனக்கு வேர்த்தது.

குவைத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்குப் பேயும் கிடையாது, பூச்சாண்டியும் கிடையாது. கேன்சல் என்ற ஒரு சொல் போதும். பக்கத்து ஃபிளாட் பையனின் அப்பாவுக்கு விசா கேன்சல் என்றார்கள். ஒரு வாரத்தில் அவர்கள் வீட்டு டிவி எங்கள் வீட்டுக்கு வந்தது, அவன் ஊருக்குப் போனான். அண்ணாச்சிக்குத் தெரிந்தால் மாமாவும் கேன்சல். ஹாலில் எனக்குப் பக்கத்தில் பாய் காலி.

வெள்ளி காலை எனக்கு வயிற்று வலி வந்தது. மாமாவைத் துணைக்கு நிறுத்திவிட்டால் ஆட்டத்துக்குப் போக மாட்டார் என்று திட்டம். நர்ஸ் வீட்டில் இந்தத் திட்டத்தைப் போட்ட என் மூளையை என்ன சொல்வது! அம்மா எந்தப் பக்கம் வலி என்றாள், இடது என்றேன். கொஞ்சம் கழித்து மறுபடி கேட்டாள், வலது என்றேன். எழும்பிப் போய்ப் பல்லு விளக்கு என்றாள்.

ஆட்டம் கடைசி ஓவருக்கு வந்து நின்றது. நாலு ரன் எடுத்தால் ஃபர்வானியாவுக்கு வெற்றி. எதிரே கண்ணாடிக்காரர். மாமாவுக்குத் தராதே என்று அப்பாவின் கட்சி எல்லைக்கு வெளியே குரல் கொடுத்தது. கூட்டத்தில் ஒருவன், சைகையை விக்கிறதே அவன்தானோ என்னவோ என்று உரக்கவே சொன்னான். அண்ணாச்சி திரும்பிப் பார்த்தார். பந்தோடு மாமாவிடம் நடந்து போய்த் தோளில் கை வைத்து ஏதோ கேட்டார்.

நடப்பது கேன்சல்தான் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. திடலுக்குள் ஓடி அண்ணாச்சியின் இடுப்பைக் கட்டிக்கொண்டேன்.

“மாமாவ கேன்சல் பண்ணிராதீங்க அண்ணாச்சி. அவரு இவரு கார்ல போனது மட்டும்தான் தப்பு. சைகைய சொல்லிருக்க மாட்டாரு.”

அதுவரை யாரிடமும் இல்லாத சாட்சியத்தை, காப்பாற்ற வந்த வக்கீலே கொண்டுவந்து கொடுத்துவிட்டேன். மாமா தரையைப் பார்த்தார். அண்ணாச்சி என் கையை மெல்ல விலக்கிவிட்டுக் கண்ணாடிக்காரரிடம் போனார்.

“சார் எந்த பேங்க்ல இருக்கீக?”

“பேங்கா?” அவர் முதல் தடவையாகக் கண்ணாடியைக் கழற்றினார். “நான் கிரேன் ஆபரேட்டருங்க. நீங்க மேல தூக்குன்னு கை காட்டுறீங்க, பந்து மேல வருது. கீழ இறக்குன்னு காட்டுறீங்க, கீழ வருது. நாள் பூரா அந்தக் கையப் பாத்துதாங்க நான் கஞ்சி குடிக்கிறேன்.”

அண்ணாச்சி தன் கையைத் தானே திருப்பிப் பார்த்துக்கொண்டார். கேங் ஆட்களுக்குப் புதிதாக ஒன்றைக் கற்றுத்தர நேரமில்லை என்று, சைட்டில் கிரேனுக்குக் காட்டுகிற சைகையையே திடலுக்கும் கொண்டுவந்தவர் அவர். கிரேனுக்குள் உட்காருகிற ஆளும் வெள்ளிக்கிழமை கிரிக்கெட் ஆடுவான் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அப்படியே மணலில் உட்கார்ந்து சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். தனக்கு முதலிலேயே சந்தேகம் என்றார் அப்பா. மாமா மட்டும் சிரிக்கவில்லை.

“அப்ப நீ இவரு கூட எதுக்குல போற?” என்றார் அண்ணாச்சி, சிரிப்பு அடங்கியதும்.

“கிரேன் படிக்கேன் அண்ணாச்சி. வண்டி நிக்கும்போது கேபின்ல ஏத்தி லீவரத் தள்ளச் சொல்லித் தாராரு.” மாமாவின் குரல் இறங்கிவிட்டது. “ஒங்ககிட்ட எப்படிச் சொல்லன்னு தெரியல.”

கண்ணாடிக்காரரின் வேலை மாமாவுக்கு முன்பே தெரியும். சைகை எப்படிப் போகிறது என்றும் தெரியும். ஆனால் அதைச் சொன்னால் தனக்கு எப்படித் தெரியும் என்பதையும் சொல்ல வேண்டும். விசா வாங்கித் தந்தவரை விட்டு வேறு வேலைக்கு ஆசைப்படுவதைச் சொல்ல வேண்டும். அதற்கு அடி வாங்குவதே மேல் என்று வாரா வாரம் அடி வாங்கியிருக்கிறார்.

அண்ணாச்சி எழுந்து கால்சட்டையில் ஒட்டிய மணலைத் தட்டினார். பந்தை மாமாவிடம் கொடுத்தார்.

“போடு. நான் கைய பாக்கெட்ல வச்சிக்கிடுதேன்.”

மூன்றாவது பந்தில் கண்ணாடிக்காரரின் ஸ்டம்ப் விழுந்தது. அடுத்து வந்தவர்களால் மாமாவின் பந்தைத் தொடவும் முடியவில்லை. ஜெயித்தோம். ஆனால் என் சந்தோஷம் வண்டி நிறுத்தும் இடம் வரைதான் நீடித்தது. அங்கே அண்ணாச்சி மாமாவின் முகத்தைப் பார்க்காமல், “அடுத்த மாசத்துலேந்து நீ எங்கிட்ட வேலைக்கு வர வேண்டாம்ல” என்றார். மாமா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

நானும் வீடு வரை அழுதுகொண்டே வந்தேன். என் வாயால்தானே போயிற்று என்று. அண்ணாச்சி வாங்கித் தந்த மாம்பழ ஜூஸைக் குடிக்க மாட்டேன் என்று அடம்பிடித்து, அப்பாவிடம் கொடுத்து, அவர் குடித்துவிட்டதும் அதற்கும் சேர்த்து அழுதேன். வீட்டில் அம்மாவும் கண்ணைத் துடைத்தாள்; துடைத்துக்கொண்டே பிரியாணிக்கு அரிசி ஊறவைத்தாள். வேலை போனதற்கு யாராவது பிரியாணி போடுவார்களா என்று எனக்கு ஒரே ஆத்திரம். இரண்டு தட்டு சாப்பிட்டேன், அது வேறு விஷயம்.

மாமா பிறகு எத்தனையோ வருடம் குவைத்தில் கிரேன் கேபினில் உட்கார்ந்திருந்தார். நான் காலேஜ் படித்தது அந்த உயரத்திலிருந்து வந்த சம்பளத்தில். அண்ணாச்சியை எப்போது நினைத்தாலும் கும்பிடத் தோன்றுகிறது. கூடவே அந்த ஜூஸும் நினைவுக்கு வந்து சிரிப்பாக இருக்கிறது.

அங்கே கஃபீல், அதாவது விசாவுக்குச் சொந்தக்காரரான முதலாளி, கையெழுத்துப் போட்டு விடுவித்தால்தான் ஒருவன் வேறு கம்பெனியில் சேர முடியும். நல்ல வேலைக்காரனை எந்த கஃபீலும் லேசில் விடமாட்டார். மறுநாள் சனிக்கிழமை காலை அண்ணாச்சி டியூட்டிக்குப் போகும் முன் ஆபீசுக்குப் போய், தன் கேங்கிலேயே திறமையான ஆளை விட்டுவிடும்படி தானே கேட்டு, மாமாவுக்கு அந்த ரிலீஸை வாங்கிக் கொடுத்தார்.