கும்மிடிப்பூண்டியில் கிண்ணம் தட்டுகிறவன்

வெண்கலக் கிண்ணத்தைத் தட்டி ஆளைத் தூங்கவைப்பது ஒரு தொழில் என்று சொன்னால் கும்மிடிப்பூண்டியில் முதலில் சிரிப்பார்கள். அப்புறம், "எங்க கம்பெனியில தட்டாமயே தூங்குறாங்க சார்" என்பார்கள்.

நான் இருபது வருஷம் தொழிற்பேட்டையில் மெஷின்களின் அதிர்வைச் சோதித்தவன். ஸ்க்ரூ டிரைவர் முனையை மோட்டார்மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்தால், உள்ளே பேரிங் எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடுவேன். அந்த வேலையைத் தீப்பெட்டி அளவு சென்சார் ஒன்று எடுத்துக்கொண்டது. பத்து நாள் வகுப்புக்குப் போய், ஏழு கிண்ணங்களோடும் ஒரு சான்றிதழோடும் திரும்பி வந்து, ஸ்டேஷன் பக்கத்து மாடியறையில் 'ஒலி அதிர்வு நல்வாழ்வு மையம்' என்று போர்டு மாட்டினேன். படுத்திருப்பவரின் வயிற்றிலோ முதுகிலோ கிண்ணத்தை வைத்துத் தட்டுவேன். அதிர்வு உடம்புக்குள் இறங்கும், இறுக்கம் தளரும். வைத்தியம் அவ்வளவுதான். பாதி வயதில் தொழில் மாறி, கல்யாண வீடுகளில் "இப்ப என்ன பண்றே?" என்ற கேள்விக்குப் பயந்து சாப்பாட்டுப் பந்திக்கு முதல் ஆளாக ஓடிய சக பாவிகளே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

கிலோ என்ன விலை?

என் மாடிப்படி ஏறிய முதல் ஆள் ஆரம்பாக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மாள். கையில் ஒயர் கூடை, கூடைக்குள் நசுங்கிய பித்தளைக் குடம். ஏழு கிண்ணத்தையும் கவிழ்த்துப் பார்த்தார், சுண்டிப் பார்த்தார். சொல்ல வெட்கமாக இருக்கிறது, என்னைவிட நன்றாகவே தட்டினார். பிறகு கிலோ என்ன விலை, பழசை எடுத்துக்கொள்வேனா என்று கேட்டார்.

இது விற்பனைக்கு இல்லை, வைத்தியத்துக்கு என்றேன். அப்படியானால் மந்திரிப்பேனா, அவர் தங்கச்சிக்குக் காத்து கருப்பு மாதிரி ஏதோ இருக்கிறது என்றார். அதுவும் தெரியாது என்றேன். குடத்தைத் திரும்பக் கூடையில் வைத்துக்கொண்டு, என்னை நிஜமான கவலையோடு பார்த்தார்.

"பாத்திரமும் விக்க மாட்டே, பேயும் ஓட்ட மாட்டே. அப்புறம் இன்னாத்துக்கு நைனா மாடி எடுத்துக்கினு குந்தினுகீறே?"

கூட்ஸ் வண்டி

அறைக்குப் பின்னால்தான் ரயில் பாதை. வாடகை குறைவு என்றதும் ஏன் என்று கேட்காமல் எடுத்தது என் புத்திசாலித்தனம். இடுப்பு வலியோடு வந்த ஒரு லாரி டிரைவருக்கு முதுகில் பெரிய கிண்ணத்தை வைத்துத் தட்டிக்கொண்டிருந்தேன். பத்து நிமிஷம் ஆகியும் அவரிடம் அசைவில்லை. அப்போது நிலக்கரி ஏற்றிய கூட்ஸ் ஒன்று நீளமாகப் போயிற்று. தரை ஆடியது, கட்டில் ஆடியது, ஜன்னல் கம்பி பல்லைக் கடித்தது. டிரைவர் முகத்தில் அப்படி ஒரு பரவசம்.

"ஆஹா, இப்பத்தான் சார் உள்ள இறங்குது" என்றார். நானும் கூச்சமில்லாமல் தலையாட்டினேன். ஆனால் டிரைவரை ஏமாற்ற முடியுமா? எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டே ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

"சார், அந்த வண்டி டெய்லி எத்தினி மணிக்கு? எனக்கு அந்த டயத்துக்கே அப்பாயின்மெண்ட் போடு."

பட்டாச்சாரியார் தோள்

புதன்கிழமைகளில் திருவள்ளூரில் ஒரு யோகா வகுப்பின் பின்னறையில் கடை விரிப்பேன். ஒருநாள் வைஷ்ணவக் கோயில் கைங்கரியத்தில் இருக்கும் பட்டாச்சாரியார் ஒருவர் வந்தார். இடது தோளைத் தூக்க முடியவில்லை. நான் கிண்ணங்களைக் காட்டி, இந்த நாதம் தசைநார்களில் எப்படிப் பாயும் என்று சான்றிதழில் இருந்ததைவிட நான்கு வரி அதிகமாகவே விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, உத்தரீயத்தைச் சரிசெய்துகொண்டார்.

"முப்பது வருஷமா மணி அடிச்சு அடிச்சுத்தான் ஓய் இந்தத் தோளே போச்சு. நீர் இன்னும் கொஞ்சம் அடிச்சு சரி பண்றேங்கறீரே!"

நாற்பது பேர் தூக்கம்

இரும்பைக் காய்ச்சி அடிக்கிற ஒரு கம்பெனியில் ஊழியர் நலவாழ்வு நாள் என்று கூப்பிட்டார்கள். கேண்டீனில் பாய் விரித்து நாற்பது பேர். சுவருக்கு அந்தப் பக்கம் சுத்தி மெஷின், விநாடிக்கு ஒரு அடி. நான் கிண்ணத்தைத் தட்டினேன். அது நாற்பது பேருக்கும் கேட்கவில்லை, எனக்கும் கேட்கவில்லை. ஆனால் அரை நிமிஷத்தில் மொத்தக் கூட்டமும் குறட்டை. எச்.ஆர். அதிகாரி நெகிழ்ந்துபோய் வீடியோ எடுக்கிறார்.

அந்த நேரம் பார்த்துச் சுத்தி மெஷின் நின்றது. அன்றைக்கு முதல்முறையாக என் கிண்ணத்தின் நாதம் சுத்தமாக, இனிமையாக அறை முழுக்கப் பரவியது. அவ்வளவுதான், நாற்பது பேரும் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தார்கள்.

"இன்னா சார், கரண்ட் போச்சா?"

குக்கர் விசில்

அந்த நாற்பது பேரில் ஒருவன் தனசேகர். பதினேழு வருஷமாக அந்தச் சுத்தி மெஷினை ஓட்டுகிறவன். மறுவாரமே என் அறைக்கு வந்தான். காதுக்குள் குக்கர் விசில் அடிக்கிறது, இறக்கிவைக்க ஆளில்லை என்றான். அடுத்த மாதம் கம்பெனியில் வருடாந்திரக் காது டெஸ்ட். தேறாவிட்டால் சுத்தியிலிருந்து இறக்கி பேக்கிங்கில் போட்டுவிடுவார்கள். போன வருஷம் கண்ணாடி அறைக்குள் அவன் உட்கார, வெளியே நண்பன் ஒருவன், சத்தம் கொடுக்கும் கருவியின் விளக்கு எரியும்போதெல்லாம் மூக்கைச் சொறிந்து காட்டி அவனைத் தேறவைத்தானாம். அந்த நண்பன் இப்போது வேறு கம்பெனிக்குப் போய்விட்டான். "மிஷின வுட்டா எனக்கு ஒண்ணும் தெரியாதுண்ணா. எப்டியாச்சும் டெஸ்டுக்குள்ள காத சரி பண்ணிக் குடு" என்று கையைப் பிடித்துக்கொண்டான்.

எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பத்து சிட்டிங் பார்ப்போம் என்றேன். நான் பார்த்த வேலையிலேயே கேவலமான வேலை அதுதான். அவனோ நம்பிக்கையின் சிகரம். மூன்றாவது சிட்டிங் முடிந்ததும் முகமெல்லாம் பல்லாக எழுந்தான்.

"நல்லா கொறஞ்சிக்கினு வருதுண்ணா. குக்கரு இப்ப பக்கத்து ஊட்ல இருக்குது."

விரல் தூக்கும் வேலை

மெஷின்காரனின் பழைய புத்தி ஒன்று என்னை விடவில்லை. அளந்து பார்க்காமல் ரிப்பேர் ஆகிவிட்டது என்று எழுதக் கூடாது. ஆறாவது சிட்டிங்கில் தனசேகரை நாற்காலியில் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் விரலைத் தூக்கு என்றேன். பெரிய கிண்ணம், தூக்கினான். நடுக் கிண்ணம், தூக்கினான். உள்ளங்கை அளவுச் சின்னக் கிண்ணம், கீச்சென்று ஒலிப்பது, அதற்கும் தூக்கினான். எனக்குத் தலைகால் புரியவில்லை. சான்றிதழை ஃப்ரேம் போட வேண்டும் என்றுகூட நினைத்தேன்.

அப்புறம்தான் கவனித்தேன். அவன் கண் என் கையை விட்டு நகரவில்லை. கோல் கிண்ணத்தைத் தொடும்போது விரல் எழுகிறது. நான் எழுந்து, அவனுக்கு முதுகைக் காட்டி நின்று, சின்னக் கிண்ணத்தை மூன்று முறை நன்றாகவே தட்டினேன். கீழே இருந்த டீக்கடைக்காரர்கூட அண்ணாந்து பார்த்தார். நான் திரும்பினேன். தனசேகர் கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு, பரீட்சைக்குத் தயாரான பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டிருந்தான்.

"ரெடிண்ணா. எப்ப தட்டப் போறே?"

திருவள்ளூர் டாக்டர்

இந்த இடத்துக்குத் தமிழில் ஒரு பழமொழி இருக்கிறது. சங்கு வரும் அதில். அன்றைக்கு அதை நினைக்கக்கூட எனக்கு மனசு வரவில்லை. அவன் முகத்துக்கு நேராக உட்கார்ந்து, தப்பு என்மேல், என் கிண்ணத்தால் உன் காது வராது, டாக்டரிடம் போவோம் என்றேன். தனசேகர் எழுந்தே போய்விட்டான். "அப்ப இத்தினி நாளு நீ தட்டுனது இன்னாத்துக்கு? பேஜார் பண்ணிட்டியேண்ணா" என்று படியில் இறங்கும்போது அவன் சொன்னது நான்கு நாள் என்னைத் தூங்கவிடவில்லை. எனக்கு எந்தக் கிண்ணமும் உதவவில்லை. ஐந்தாம் நாள் அவன் வீட்டுக்கே போய், அவன் மனைவியிடமும் இரண்டு திட்டு வாங்கிக்கொண்டு, கையோடு அவனைத் திருவள்ளூருக்குப் பஸ் ஏற்றினேன்.

காது டாக்டர் சோதித்துப் பார்த்தார். போனது வராது, இருப்பதைக் காப்பாற்றலாம், சுத்தி மெஷின் பக்கமே போகக் கூடாது, காதுக்கு மெஷின் வைக்க வேண்டும் என்று அவன் பார்க்கும்படி நிதானமாகச் சொன்னார். தனசேகர் தரையைப் பார்த்தான். இத்தனை நாளாக என்ன வைத்தியம் எடுத்தாய் என்று டாக்டர் கேட்டார். நான் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டேன். தனசேகர் என்னை ஒரு பார்வை பார்த்தான். அவன் என்னைக் காப்பாற்றினானா, உள்ளதைச் சொன்னானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"ஒண்ணும் எடுக்கல சார். சும்மாத்தான் இருந்தேன்."

மறுபடியும் வந்தான்

அந்த வருஷம் கண்ணாடி அறைக்கு வெளியே யாரையும் நிறுத்தாமல் உள்ளே போய், ஒழுங்காகத் தோற்றான் தனசேகர். இப்போது பேக்கிங்கில் இருக்கிறான். முதல் மாதம் யாரோடும் பேசவில்லையாம். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மாடிப்படியில் அவன் செருப்புச் சத்தம். காதில் புது மெஷின். "காத வுடு. தூக்கம் வரல. வவுத்துல வச்சித் தட்டு" என்று போய்ப் படுத்துக்கொண்டான். சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பெரிய கிண்ணத்தை அவன் வயிற்றில் வைத்தேன். கிண்ணத்தோடு சேர்ந்து நானும் கண்ணை மூடி நீளமாக ஒரு ராகம் இழுப்பது வழக்கம். அன்றைக்கு மனசு நிறைந்திருந்ததால் கொஞ்சம் கூடுதலாகவே இழுத்தேன். வயிற்றிலிருந்த கிண்ணம் உருண்டு விழுந்த சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தால், தனசேகர் எழுந்து உட்கார்ந்து என்னை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணா, இத்தினி நாளும் நீ இப்டியா பாடிக்கினு இருந்தே? மொத நாளே கேட்டிருந்தா அப்பவே டாக்டராண்ட ஓடியிருப்பேன்!"

ஒலியால் நான் யாரையாவது டாக்டரிடம் விரட்டிக் காப்பாற்ற முடியும் என்றால், அதற்குக் கிண்ணமே தேவையில்லை, என் தொண்டை ஒன்று போதும் என்பதே இத்தொழிலில் நான் கண்டது.