முதல் வாய் தேவகிக்கு

லைப்சிக் நகரில் நான் குடியிருக்கும் தெருமுனையில், குடிக்கிற சாமான்கள் மட்டும் விற்கும் பெரிய கடை ஒன்று உண்டு. கெட்ரெங்கெமார்க்ட் என்பார்கள். தண்ணீர், பழச்சாறு, பீர், மறுபடியும் பீர் என்று கிடங்கு மாதிரி அடுக்கி வைத்திருப்பார்கள். இத்தனை வருடங்களில் தண்ணீர் வாங்குவதைத் தவிர வேறெதற்கும் நான் அங்கே போனதில்லை. போன குளிர்காலத்தில் ஒருநாள் போய், பீர் அடுக்கின் முன்னால் நின்று, ஒவ்வொரு பாட்டிலாக எடுத்துப் பின்பக்கத்துச் சின்ன எழுத்தைப் படித்துவிட்டுத் திரும்ப வைத்துக்கொண்டிருந்தேன். கடையில் வேலை செய்யும் பெண் பக்கத்தில் வந்தாள். ஆல்கஹால் துளிகூட இல்லாதது வேண்டும் என்றேன். இங்கே 'அல்கஹோல்ஃப்ரை', அதாவது ஆல்கஹால் இல்லாதது, என்று பெரிதாக எழுதியிருந்தாலும் உள்ளே அரை சதவீதம் வரைக்கும் இருக்கலாம். எனக்கு அந்த அரையும் ஆகாது, சுத்தமான பூஜ்யம்தான் வேண்டும் என்று விளக்கினேன். அவள் என் தடித்த கோட்டைப் பார்த்தாள். அதற்குள் உப்பியிருந்த வயிற்றைப் பார்த்தாள். முகம் மலர ஏதோ கேட்டாள். என் நினைப்பெல்லாம் ஆவடியில் இருந்ததால் கேள்வியின் கடைசியில் வந்த 'ஸோ வைட்' மட்டும்தான் காதில் விழுந்தது. நேர்ப்பொருளில் 'அவ்வளவு தூரம்'. ஆமாம், ரொம்ப தூரம்தான் என்றேன். அவள் ஒன்றும் புரியாமல் தலையாட்டிவிட்டுப் போனாள். வீட்டுப் படியேறும்போதுதான் எனக்கு உறைத்தது. 'எப்போது ஸோ வைட்' என்றால் நாள் எப்போது நெருங்கும் என்று அர்த்தம், பிரசவத்தைக் கேட்டிருக்கிறாள். பிள்ளை பெறாமலே ஐம்பதைத் தொடப்போகிற என்னிடம்.

அந்தப் பூஜ்யத்தை நான் தேடியது ஆவடியில் இருக்கும் என் தம்பி சேகருக்காக. திருமழிசை தொழிற்பேட்டையில் ஸ்பிரிங் செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றில் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தான். ஷிஃப்ட் முடிந்ததும் நெடுஞ்சாலையோரம் இருந்த கடையில் பீரில் ஆரம்பித்தான். பீர் பிராந்தியானது. பிராந்தி காலையிலும் தேவைப்பட்டது. தீபாவளிக்கு முன்னால் ஒருநாள் ரத்தமாக வாந்தியெடுத்தான். கல்லீரல் சுருங்கிப்போய்விட்டது, இனி ஒரு சொட்டு உள்ளே போனாலும் நாங்கள் பொறுப்பில்லை என்று ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். நான் நர்ஸ். பூந்தமல்லியில் படித்து, அம்பத்தூரில் வேலை பார்த்து, இங்கே முதியோர் இல்லம் ஒன்றுக்கு வந்தவள். ரிப்போர்ட்டை போனில் பார்த்ததுமே அவர்கள் வாய்விட்டுச் சொல்லாததும் எனக்குப் புரிந்தது.

ஆனால் சேகர் நிறுத்திவிட்டான். எங்கள் குடும்பத்தில் யாரும் அதை நம்பவில்லை. நான் நம்பினேன், அவன் மனைவி தேவகி நம்பினாள். வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தவன் தினமும் எனக்கு வீடியோ காலில் வருவான். எங்கள் இல்லத்தில் கிழவர்கள் ராத்திரிச் சாப்பாட்டோடு போதையில்லாத பீர் ஒரு கிளாஸ் வாங்கிக் குடிப்பார்கள் என்று பேச்சுவாக்கில் ஒருநாள் சொன்னேன். அவன் முகம் போனுக்கு மிக அருகில் வந்தது.

"அக்கா, அப்டி ஒண்ணு நெஜமாவே கீதா?"

"இருக்கு. உனக்கு எதுக்குடா?"

"போதைக்கு இல்லக்கா. சாயங்காலம் ஆச்சின்னா கைய எங்க வெச்சிக்கிறதுன்னே தெரில. வேலை முடிஞ்ச மாதிரியே இல்ல, நாளு முடிஞ்ச மாதிரியும் இல்ல. சில்லுன்னு ஒரு பாட்டில புடிச்சிகினு சும்மா உக்காரணும், அவ்ளோதான்."

சேகரைப் பார்த்த சென்னை டாக்டரிடம் கேட்டேன். நிஜமாகவே பூஜ்யம் என்றால் கல்லீரலுக்கு ஒன்றும் செய்யாது, மனசுக்கு என்ன செய்யும் என்று யாராலும் சொல்ல முடியாது, அந்த ருசி பழைய இடத்துக்கே இழுத்துக்கொண்டு போனாலும் போகும் என்றார். அது எனக்கும் தெரிந்ததுதான். இரண்டு நாள் யோசித்தேன். அவனுக்கு இன்னும் எத்தனை சாயங்காலங்கள் என்பதையும் சேர்த்து யோசித்தேன். பிறகுதான் அந்தக் கடைக்குப் போய்ச் சின்ன எழுத்துகளைப் படிக்கக் கற்றுக்கொண்டது.

இங்கிருந்து பாட்டில் அனுப்ப வழியில்லை, ஊரிலேயேதான் தேட வேண்டும். வேடிக்கை என்னவென்றால், இங்கே நிஜ பீரைக் கூடையோடு வீட்டு வாசலில் கொண்டுவந்து வைப்பார்கள். ஆவடியில் நிஜ பீர் வேண்டுமென்றால் அரசுக் கடையின் கம்பிக்குள் கையை விட்டு நிற்க வேண்டும். ஆனால் பொய் பீர், தயிரோடும் கத்தரிக்காயோடும் ஒரே பையில் வீடு தேடி வருகிறது. என் இந்திய சிம்முக்கு இன்னும் உயிர் கொடுத்து வைத்திருப்பதால் ஊர் ஆப்பெல்லாம் என் போனில் வேலை செய்யும். லைப்சிக் சமையலறையில் உட்கார்ந்து, ஆவடி வீட்டு முகவரியைப் போட்டுத் தேடினேன். ஆப்பிள் ருசி, பீச் ருசி, எலுமிச்சை ருசி என்று வரிசையாக வந்தன. சேகர், "அதெல்லாம் கலர் சோடாக்கா, புள்ளைங்க குடிக்கும்" என்று தள்ளிவிட்டான். வெறும் பார்லியில் செய்தவை சில இருந்தன. படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படித்தேன். ஒன்றில் '0.5க்குக் குறைவு' என்று இருந்தது, அதை விட்டேன். இன்னொன்றில் எழுத்து தெளிவாக இல்லை, அதையும் விட்டேன். '0.0' என்று தெளிவாகப் போட்டிருந்த ஒன்றில் ஆறு பாட்டில் சேர்த்துவிட்டு, பணம் கட்டுவதற்கு முன்னால் தேவகியைக் கூப்பிட்டேன்.

தேவகி குத்தம்பாக்கத்துப் பெண். அம்பத்தூரில் மருந்து பேக்கிங் செய்யும் யூனிட்டுக்குப் போகிறாள். அவள் சம்பளத்தில்தான் வீடும், பிளஸ் டூ படிக்கும் மகள் யாழினியும். நான் சொன்னதைக் கேட்டதும் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"பாட்டில் சத்தம் கேட்டாலே எனக்குப் பழைய ராத்திரிங்கதான் ஞாபகம் வருது அண்ணி. அவர் சரக்க மாத்தி ஊத்தி வெச்சிருந்தா எனக்கு எப்டித் தெரியும்?"

"நீ வேணாம்னா வாங்கலம்மா."

பிறகு அவளே சொன்னாள்.

"வாங்குங்க. ஆனா பாட்டில நான்தான் தொறப்பேன். மொத வாய் நான்தான் குடிப்பேன். அப்புறம்தான் அவர் கைல."

அப்படித்தான் நடந்தது. கொண்டுவந்த பையனிடம் பையை வாங்கும்போது கண்ணாடி கணகணவென்று இடித்துக்கொண்டதாம், எதிர்வீட்டம்மாள் கோலமாவு டப்பாவோடு அப்படியே நின்றுவிட்டாளாம். சாயங்காலம் வீடியோ காலில் நான் பார்த்தேன். தேவகி ஒரு பாட்டிலைத் திறந்தாள். தலையை நிமிர்த்தி ஒரு வாய் குடித்துவிட்டுக் கசப்பில் கண்ணை மூடினாள். ஊரில் எந்தப் பெண்ணும் புருஷன் முன்னால் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. உதட்டை முந்தானையால் துடைத்துக்கொண்டு, "ஒண்ணும் இல்ல, குடிங்க" என்று நீட்டினாள். அவன் அதை இரண்டு கையாலும் வாங்கினான். அப்போது அவன் கை மெலிந்து பாதியாகிவிட்டிருந்தது, வயிறு மட்டும் நீர் கோத்துப் பானையாக இருந்தது.

"எப்படிடா இருக்கு?"

"மொத வாய் அதே மாதிரிதான் கீது. ரெண்டாவது வாய்ல பொய்யின்னு தெரிஞ்சிபோச்சி." பாட்டிலைக் கன்னத்தில் வைத்துக்கொண்டான். "பரவால்லக்கா. சில்லுன்னு கீது."

வாரம் ஒருமுறை ஆர்டர் போட்டேன். ஒருநாளைக்கு ஒன்று, சில நாள் பாதி, சில நாள் வேண்டாம் என்பான். அந்தச் சாயங்காலங்களில் அவன் நிறையப் பேசினான். யாழினியின் கணக்குப் பாடம், மெஷினில் கம்பி சுருளும் அழகு, குடித்துவிட்டுத் தேவகியை அடித்த ஒருநாள், எல்லாம். தேவகி பக்கத்திலேயே பூண்டு உரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவன் குடிக்கக் குடிக்க அவள் பயந்ததைத்தான் முதலில் பார்த்தேன். போகப்போக அந்த முதல் வாயைக் குடிக்கும்போது அவள் கண்ணை மூடுவதை விட்டுவிட்டாள்.

பனி இன்னும் கரையாத ஒரு காலையில் யாழினி போன் செய்தாள். "அத்தை, அப்பா ரத்தமா எடுக்கறாரு" என்று மட்டும் சொன்னாள், பின்னால் தேவகியின் சத்தம் கேட்டது. இப்படித்தான் முடியும் என்று எனக்குத் தெரியும். உணவுக்குழாயில் வீங்கிய ரத்தக்குழாய் வெடித்தால் யாராலும் பிடித்து வைக்க முடியாது, குடித்தாலும் குடிக்காவிட்டாலும். தெரிந்திருந்தது எந்த விதத்திலும் உதவவில்லை. நான் விமான நிலையத்துக்குப் போகும் வழியிலேயே அவன் போய்விட்டான்.

ஆவடி வீட்டு வாசலில் இறங்கும்போது பந்தல் போட்டு, மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஐஸ் பெட்டிக்குள் சேகர் சின்னவனாக இருந்தான். பந்தலுக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டி மறைவில், அவனுடைய பழைய கூட்டாளிகள் பிளாஸ்டிக் டம்ளரோடு நின்றிருந்தார்கள். துக்கத்துக்குக் குடிக்கிறவர்களை எங்கள் பக்கத்தில் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. அதே தொட்டியின் ஓரத்தில், பழைய பேப்பர்காரருக்குப் போட தேவகி எடுத்து வைத்திருந்த காலி பாட்டில்கள் ஒரு சாக்கில் இருந்தன. அதை யாரோ பார்த்துவிட்டார்கள்.

தேவகியின் அண்ணன் கோபால்தான் சாக்கை இழுத்துவந்து பந்தலின் நடுவில் போட்டார்.

"இன்னாம்மா இது? குடிய உட்டுட்டான், உட்டுட்டான்னு ஊரெல்லாம் சொல்லிகினு இருந்த? இந்தா கீது பாரு. குடிச்சேதான் செத்துகிறான். ஊட்லயே வெச்சி ஊத்திக் குடுத்துகிற நீ."

நான் எழுந்தேன். அது போதையில்லாத பீர், நான்தான் அனுப்பினேன், அதில் ஆல்கஹாலே கிடையாது என்று சொன்னேன். என் தமிழ் எனக்கே செய்தி வாசிப்பது மாதிரி கேட்டது. அத்தனை பேர் காதிலும் 'பீர்' என்ற ஒரு சொல்தான் விழுந்தது. லேபிளைத் திருப்பி 0.0 என்பதைக் காட்டினேன். ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை.

"போதை இல்லாத பீராம்! கேட்டுக்கோங்க" என்றார் கோபால். அவர் வாயிலிருந்து பிராந்தி வாடை என் முகத்தில் அடித்தது. "நீ ஃபாரின்காரி, உனுக்கு இதெல்லாம் சகஜம். இங்க மானம் போவுது."

யாழினி ஐஸ் பெட்டியின் கண்ணாடியில் முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள். அவள் தோள் குலுங்குவதைத் தேவகி பார்த்தாள். அதுவரை ஒரு மூலையில் பெண்கள் பிடித்து உட்கார வைத்திருந்தவள், கையையெல்லாம் விலக்கிவிட்டு எழுந்து வந்து சாக்கின் பக்கத்தில் நின்றாள். குரல் உயரவே இல்லை.

"அண்ணா, இதுல ஒவ்வொரு பாட்டில்லயும் மொத வாய் நான் குடிச்சேன்."

கோபால் அவள் பக்கம் திரும்பினார்.

"இன்னாது?"

"நான் குடிச்சேன். அதுல சரக்கு இல்லன்னு பாத்துட்டு அப்புறம்தான் அவருக்குக் குடுத்தேன். ஒருநாள்கூட உடல. போதை இருந்தா எனக்குத்தான மொதல்ல ஏறியிருக்கும்? எம்புருஷன் குடிக்காமத்தான் செத்தாரு. எம்பொண்ணு அத மனசுல வெச்சிகினு இருக்கணும். அப்புறம் நீங்க யாரும் இன்னா வேணா பேசிக்கோங்க."

பெண்கள் பக்கத்தில் ஒருத்தி வாயில் கையை வைத்துக்கொண்டாள். "பொம்பள பீர் குடிச்சேன்னு பொணத்துக்கு முன்னாடி நின்னு சொல்றா பாரு" என்று இன்னொருத்தி சொன்னது எல்லோருக்கும் கேட்டது. கோபால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பந்தலை விட்டு வெளியேறினார். காரியத்துக்கும் வரவில்லை, பிறந்த வீட்டுக் கோடித் துணியும் வரவில்லை. சேகரின் பெயரைக் காப்பாற்ற அவளிடம் இருந்தது அவள் பெயர் ஒன்றுதான். அதைக் கொடுத்துவிட்டாள். யாழினி எழுந்து வந்து அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு நின்றாள். நான் அந்த சாக்கை எடுத்துக்கொண்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் என் காலடியிலேயே வைத்துக்கொண்டேன்.

அங்கே இருந்த நாள்களில் தேவகியை என்னோடு வந்துவிடச் சொன்னேன். அது எவ்வளவு கஷ்டம் என்று இருவருக்கும் தெரியும். "நான் எதுக்கு அண்ணி ஓடணும்?" என்றாள். ஆனால் தெரு அவளை விடவில்லை. அண்ணாச்சி கடையில் பருப்பு கேட்டால், "அது மட்டும் போதுமா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வரும், சிரிப்பு வரும். அவள் கடைக்குப் போவதை நிறுத்தினாள். வேலைக்குப் போகும்போதும் சந்து வழியாகச் சுற்றி பஸ் பிடிக்கிறாள். ஆகவே நான் திரும்பி வந்த பிறகு அந்த வீட்டுக்கு அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் இங்கிருந்தே ஆர்டர் போடுகிறேன்.

போன வாரம் வேலைக்குக் கிளம்பி ட்ராம் நிறுத்தத்தில் நின்றிருந்தேன். பனி கொட்டிக்கொண்டிருந்தது. இந்திய எண்ணில் அழைப்பு வந்தது.

"மேடம், டெலிவரி. தண்ணி டாங்க் தாண்டி வந்துட்டேன். மேப்பு சுத்திகினே கீது. எந்தப் பக்கம்?"

"டாங்க்குக்கு இடது பக்கம் வாங்க. அரிசி மண்டி வரும்."

"மண்டி ஒண்ணும் காணோமே. செல்போன் கடைதான் கீது."

"சரி, அதை ஒட்டி ஒரு சந்து போகும். உள்ள வந்தா மூணாவது வீடு. பச்சை கேட்."

பக்கத்தில் நின்றிருந்த வெள்ளைக்காரக் கிழவி, நான் காற்றில் இடதுகையை நீட்டி வழிகாட்டுவதைப் பார்த்துவிட்டு அந்தத் திசையில் எட்டிப் பார்த்தாள். அங்கே மூடிய பேக்கரி ஒன்றுதான் இருந்தது. ட்ராம் வந்து நின்று, என் முன்னால் கதவு திறந்தது.

"பச்ச கேட்டு பாத்துட்டேன்" என்றான் அவன். "மேடம், நீங்க ஊட்லதான கீறீங்க?"

"ஊட்லதான் கீறேன்" என்றேன். போனில் கேட் கொண்டி தூக்கும் சத்தமும், யாழினி செருப்பை இழுத்துக்கொண்டு வரும் சத்தமும் கேட்டன. ட்ராம் என்னை ஏற்றாமலே கதவை மூடிக்கொண்டு போனது.