அம்மா பேரில் ஓர் இரட்டைக்குழல்

பழைய துப்பாக்கிக்கென்று ஒரு வாசனை உண்டு. எண்ணெய் வைத்த தலையும், வெடித்து ஓய்ந்த பட்டாசும், மழையில் நனைந்து காய்ந்த மரமும் ஒரே பெட்டிக்குள் கிடந்தால் எப்படி இருக்குமோ அப்படி. கோணியைப் பிரித்து அதைக் கட்டில்மேல் கிடத்திய அன்று நானும் தம்பியும் போட்டி போட்டுக்கொண்டு முகர்ந்தோம். குழாய் வாயிலேயே மூக்கை வைத்த தம்பிக்கு அம்மாவிடமிருந்து நங்கென்று ஒரு குட்டு விழுந்தது. குட்டுவதற்கு அம்மாவுக்கு இரட்டை உரிமை இருந்தது, பிள்ளையும் அவளுடையது, துப்பாக்கியும் அவளுடையது.

கச்சிராயபாளையத்தைத் தாண்டி, கல்வராயன் மலை எழும்பத் தொடங்கும் இடத்தில் எங்களுக்குக் கொஞ்சம் கொல்லி, அதாவது புன்செய் நிலம், இருந்தது. எங்களுக்கு என்று சொல்வது வாய்ப்பழக்கம்தான்; தாத்தா தன் ஒரே மகளின் பேருக்கு எழுதிவைத்துவிட்டுப் போன நிலம் அது. அப்பா நைனார்பாளையத்திலிருந்து வந்த வீட்டோடு மாப்பிள்ளை. மற்ற ஊர்க்காரர்கள் நிலக்கடலை என்றும் வேர்க்கடலை என்றும் சொல்வதை நாங்கள் 'மல்லாட்டை' என்போம். மலையிலிருந்து இறங்கி வரும் காட்டுப்பன்றிகள் எதுவும் சொல்லாமல் தின்றுவிட்டுப் போகும். தொடர்ந்து இரண்டு போகம் அப்படிப் போயிற்று. தகரம் தட்டினோம், பழைய புடவைகளைக் கொம்பில் கட்டினோம், அப்பா பரண் போட்டு உட்கார்ந்து தூங்கினார். "இந்தத் தபாவும் போச்சின்னா வித்துட்டு எங்க ஊருக்கே போயிடலாம், எங்க அண்ணன் வாரத்துக்குப் பயிர் வெக்க நெலம் தர்றேன்றாரு" என்று அப்பா சொன்னபோது அம்மா மறுக்கவில்லை. மறுக்காததுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது, ஏனென்றால் அவள் எதையும் மறுக்காமல் விடுகிறவள் இல்லை. அந்த நிலத்தை விட்டுப் போவதென்றால் அவளுக்கு உயிர் போவதற்குச் சமம்.

பயிரைக் காக்கத் துப்பாக்கி வைத்துக்கொள்ள லைசன்ஸ் கொடுக்கிறார்கள் என்று யாரோ சொல்ல, அப்பா மனு எழுதிப் போட்டார். பட்டா யார் பேரில் இருக்கிறதோ அவர் பேருக்குத்தான் லைசன்ஸ் என்று விதி இருந்திருக்கிறது. பல மாதம் கழித்து வந்த லைசன்ஸில் அம்மாவின் பேர் அலமேலு என்று கொட்டை எழுத்தில் இருந்தது. தீபாவளிக்கு ஊசிப்பட்டாசு வெடித்தாலே காதைப் பொத்திக்கொண்டு அடுப்பங்கரைக்குள் ஓடுகிற அம்மா, ஒரே நாளில் ஊருக்குத் 'துப்பாக்கிக்காரம்மா' ஆகிவிட்டாள். "பேருதான் உன்னுது, சுடறது நானு" என்று அப்பா மீசையைத் தடவிக்கொண்டார்.

தியாகதுருகத்தில் ஒரு வயதான டாக்டர், கண் மங்கிவிட்டதால், தன் இரட்டைக்குழல் துப்பாக்கியைக் கொடுத்துவிட நினைக்கிறார் என்று தெரிந்தது. வெள்ளைக்காரன் காலத்துச் சரக்கு. அதன் நல்லது கெட்டது பார்க்க எங்கள் பக்கத்தில் யாருக்குத் தெரியும்? அப்பா கொஞ்சமும் யோசிக்காமல் மாட்டுத் தரகரான ஏழுமலை மாமாவைக் கூட்டிக்கொண்டார். மாமா அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். சந்தையில் அவர் கை வைக்காத மாடு விலை போகாது. மாட்டைப் பார்த்தவனுக்குத் துப்பாக்கி எம்மாத்திரம் என்பது அப்பாவின் கணக்கு. பேரம் பேசுவதற்கென்று தோளில் புதுத் துண்டோடு மாமா வந்தார். அம்மாவும் கிளம்பிவிட, எங்களை யாரிடமும் விட்டுவிட்டுப் போக முடியாததால் நாங்களும் பஸ் ஏறினோம்.

டாக்டர் துப்பாக்கியை மேசைமேல் வைத்ததும் மாமா அதை மூன்று முறை சுற்றி வந்தார். பிறகு கட்டையைத் தடவினார். மரத்தின் ரேகை பூரான்போல நெளிந்து குழாய்ப் பக்கமிருந்து கீழே வருவதைக் கண்டு உச்சுக் கொட்டினார். மாட்டு முதுகில் பூரான்போல ஓடும் சுழி மேலே ஏறினால் குடும்பம் ஏறும், கீழே இறங்கினால் குடும்பம் இறங்கும் என்பது சந்தைக்காரர்களின் நம்பிக்கை. "எறங்குபூரானுங்க. எங்க தங்கச்சி வூட்டுக்கு ஆவாது" என்றார். டாக்டர் துப்பாக்கியை எடுத்துத் தலைகீழாகத் திருப்பி வைத்தார். "இப்போ ஏறுதா பாருங்க." மாமா குனிந்து பார்த்தார். ஏறத்தான் செய்தது.

அம்மா தன் பங்குக்கு, டாக்டரிடம் கேட்டு, கழற்றிய குழாயை ஒரு விரலில் தொங்கவிட்டு மோதிரத்தால் சுண்டிப் பார்த்தாள். பித்தளைக் குடம் வாங்குகிறபோது செய்வதைத்தான் செய்தாள். கணீரென்று நின்று ஒலித்தது. "கீறல் இல்ல" என்றாள். டாக்டர் அப்போதுதான் அவளை நிமிர்ந்து பார்த்தார். துப்பாக்கி விவரம் தெரிந்தவர்களும் குழாயை அப்படிச் சுண்டித்தான் சோதிப்பார்களாம்.

ஆனால் மாமா விடவில்லை. மடியிலிருந்து ஒரு கொட்டைப்பாக்கை எடுத்து வலது குழாயின் பின்பக்கம் போட்டார். அது உருண்டு முன்வாய் வழியே வெளியே விழுந்தது. அதையே இடது குழாயில் போட்டார். வாய் வரை வந்து மாட்டிக்கொண்டது. விளக்குமாற்றுக் குச்சி, குடைக்கம்பி என்று ஏதேதோ விட்டுக் குத்தி வெளியே எடுப்பதற்குள் எல்லோருக்கும் வியர்த்துவிட்டது. நுகத்தின் வலப்பக்க மாட்டை 'வலத்தை' என்றும் இடப்பக்க மாட்டை 'எடத்தை' என்றும் சொல்வது வழக்கம். மாமா அதே வாயால் தீர்ப்புச் சொன்னார். "வலத்தை சரியாத்தான் கீது. எடத்தைக்குத் தொண்ட அடைப்பு. ஜோடி சேரல. வெலய கம்மி பண்ணணும்."

வேண்டுமென்றேதான் அந்த வாயைக் குறுக்கிச் செய்திருக்கிறார்கள், கிட்டத்தில் வருவதற்கு வலது, தூரத்தில் போவதற்கு இடது என்று டாக்டர் எவ்வளவோ சொன்னார். "விக்கிறவன் எவன்தான் தன் மாட்டுக்குச் சீக்கு இருக்குதுன்னான்" என்று மாமா அப்பாவின் காதில் சொன்னது அந்த அறை முழுக்கக் கேட்டது. டாக்டர் சிரித்துவிட்டார். ஒரு துணி கொடுங்கள், சுட்டே பார்த்துவிடலாம் என்றார். மாமா சுதாரிப்பதற்குள் அப்பா அவர் தோளிலிருந்த புதுத் துண்டை உருவிவிட்டார்.

வீட்டுக்குப் பின்னால் வற்றிக் கிடந்த ஏரியின் கரைச் சரிவில், இரண்டு குச்சி நட்டு, துண்டை நீளவாட்டில் விரித்துக் கட்டினார்கள். அப்பா கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார். "லைசன்ஸ் அவங்க பேர்ல இருக்கு, அவங்கதான் சுடணும்" என்றார் டாக்டர். அப்பாவின் மீசை அன்றைக்குத் தொங்கியதுபோல் நான் என்றும் பார்த்ததில்லை.

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். டாக்டர் பக்கத்தில் நின்று கட்டையைத் தோளில் பொருத்திக் காட்டி, முதலில் வலது குழாய்க்கான விசையை அழுத்தச் சொன்னார். அம்மா கண்ணை மூடிக்கொண்டு எங்கள் குலதெய்வத்தின் பேரைச் சொன்னாள். நானும் மூடிக்கொண்டேன். சத்தம் கேட்டு நான் கண்ணைத் திறந்தபோது அம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். தம்பி அழத் தொடங்கினான். துண்டின் ஒரு பாதி முழுக்க அம்மை வார்த்ததுபோலப் பொட்டுப் பொட்டாக ஓட்டை.

"போதும், வா" என்றார் அப்பா. அம்மா எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டாள். "எடத்தையப் பாக்காம எப்படி வாங்கறது?" என்று கேட்டுவிட்டு மறுபடி தோளில் வைத்தாள். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை, உட்காரவும் இல்லை. துண்டின் மறுபாதியில் சோற்றுத்தட்டு அகலத்துக்கு ஒரே ஓட்டை விழுந்தது. அதன் வழியே ஏரிக்கரை தெரிந்தது.

பிறகு பேரம். என்ன ஆனாலும் துண்டுக்குள் கைபிடித்துத்தான் விலை பேசுவேன் என்று மாமா பிடிவாதம் பிடித்தார். தரகர் தொழிலின் மரியாதையே அதில்தான் இருக்கிறது. விரலைப் பிடித்தால் ஒரு தொகை, மடக்கினால் அதில் குறைப்பு; துணிக்கு அடியில் எந்த விரலைப் பிடிக்கிறார்கள், எதை மடக்குகிறார்கள் என்பது இருவரைத் தவிர மூன்றாம் பேருக்குத் தெரியக்கூடாது. டாக்டரும் வேடிக்கைக்காகக் கையை நீட்டினார். மாமா அந்தப் பரிதாபமான துண்டைக் கைகள்மேல் போர்த்தினார். ஓட்டை சரியாக நடுவில் வந்து உட்கார்ந்தது. மாமா டாக்டரின் விரலை மடக்குவதும், டாக்டர் நிமிர்த்துவதும், மாமா திரும்ப மடக்குவதும் வெட்டவெளிச்சமாகத் தெரிந்தன. கதவோரம் நின்ற டாக்டரின் மனைவி, "அந்த விரலை மடக்க விடாதீங்க" என்றார். அவ்வளவுதான், எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். மாமா மட்டும் கண்ணை மூடிக்கொண்டு பேரத்தைத் தொடர்ந்தார்.

அம்மாதான் முடித்துவைத்தாள். "ண்ணா, எடத்தை நல்லாத்தான் சுடுது. பெரியவர்கிட்ட இல்லாத கொறைய சொல்லி வாங்கினா அந்தப் பொருள் நிக்காது. அந்த விரல வுட்டுடு." மாமா விட்டுவிட்டார். அப்பா மட்டும் பஸ்ஸில் வழி நெடுக முனகிக்கொண்டே வந்தார்.

அந்தப் போகம் முழுக்க, விளக்கு வைக்கிற நேரத்தில் அம்மா கொல்லிக்குப் போய், மலையைப் பார்த்து ஆகாயத்தில் ஒரு வெடி போட்டுவிட்டு வருவாள். ஒரு பன்றியையும் அவள் சுட்டதில்லை. சுடத் தேவையும் வரவில்லை. அவை எங்கள் நிலத்தைச் சுற்றிக்கொண்டு பக்கத்துக் கொல்லிகளுக்குப் போயின. நாலைந்து நாளில் பக்கத்துக் கொல்லிக்காரர் வாசலில் வந்து நின்றார். "யக்கா, போறபோது எங்க வரப்புலயும் ஒண்ணு போட்டுட்டுப் போங்க." தோட்டாச் செலவை அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். அந்த வருஷம் மல்லாட்டை காய வைக்கக் களம் போதவில்லை. நைனார்பாளையம் போகிற பேச்சை அதற்குப் பிறகு அப்பா எடுக்கவேயில்லை.

வயதான பிறகும் அம்மா லைசன்ஸை விடவில்லை. தம்பி தன் பேருக்கு மாற்றிக் கேட்டபோது, "நெலத்த நீ பயிர் வை. இது வேணாம், உனக்குக் கோவம் ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டாள். தேர்தல் வந்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க நல்ல புடவை கட்டிக்கொண்டு தானே போவாள்; திருப்பி வாங்கவும் தானே போவாள்.

இப்போது மாமா இல்லை, துண்டு போட்டுப் பேசுகிற பேரத்தையும் காணோம். அப்பாவும் டாக்டரும் எப்போதோ போய்விட்டார்கள். போன வருஷம் அம்மாவும் போனாள். காரியம் முடிந்த கையோடு துப்பாக்கியைக் கொண்டுபோய் ஒப்படைத்தோம். தம்பி கொல்லியைச் சுற்றிச் சூரிய மின்வேலி போட்டிருக்கிறான்; ஒலிபெருக்கியில் வெடிச்சத்தமும் நாய் குரைப்பும் மாறி மாறி வைக்கிறான். இந்தப் போகம் நான் ஊருக்குப் போயிருந்தபோது ஒரு காலையில் பாதிக் கொல்லி உழுதுபோட்டதுபோல் கிடந்தது. வேலியை எந்தப் பக்கம் தாண்டினவோ, ஒலிபெருக்கி பாட்டுக்கு வெடித்துக்கொண்டிருந்தது. தம்பி வரப்பில் உட்கார்ந்து, பிய்ந்து கிடந்த ஒரு செடியைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பன்னிங்களுக்கும் தெரிஞ்சிப்போச்சிக்கா, அம்மா இல்லன்னு" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவனும் சிரித்தான். அப்புறம் இரண்டு பேராலும் கொஞ்ச நேரத்துக்கு ஒருவரை ஒருவர் பார்க்க முடியவில்லை.