பக்தவத்சலம் சார் எழுதாத மூன்று வரி

மாதத்துக்கு ஒருமுறை எங்கள் சர்வர்களை நிறுத்தி எழுப்புவோம். எழுந்த கையோடு பக்தவத்சலம் சாருக்கு போன் போகும். ஆறு வருடமாக இதே கதை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஆபீஸ். ஒரு பெரிய லினக்ஸ் மெஷினுக்குள் எட்டு மெய்நிகர் சர்வர்கள் குடியிருக்கின்றன, கெஸ்ட் என்போம். எட்டுக்கும் சேர்த்து வெளியுலகுக்கு ஒரே பொது முகவரி. வருகிற வேலையை முன்னால் இருக்கும் ஒரு மெஷின் பிரித்து அனுப்பும். ஒவ்வொரு கெஸ்டும் தன் லூப்பேக்கில், அதாவது வெளியே கம்பி எதுவும் போகாத தன் உள் இணைப்பில், அந்தப் பொது முகவரியை வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் வந்த வேலையை எனக்கில்லை என்று கீழே போட்டுவிடும். ஆனால் 'இந்த முகவரி யாருடையது' என்று நெட்வொர்க் கேட்டால் மட்டும் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் எட்டு பேர் வேலையும் ஒருத்தர் தலையில். இத்தனைக்கும் மூன்று வரி போதும். கையால் தட்டினால் அடுத்த ரீஸ்டார்ட்டில் போய்விடும், ஃபைலில் எழுதினால் நிற்கும்.

சார் கையால்தான் தட்டுவார். மண்ணூர்பேட்டைக்காரர், ஐம்பத்திரண்டு வயது, கான்ட்ராக்ட் ஆள். ஆடிக் கூழ் ஊற்றுகிற இடத்தில் அண்டாவுக்குப் பக்கத்தில் நின்று லேப்டாப்பில் தட்டியிருக்கிறார். மனைவி சுரேகா அக்காவுக்கு வலது கண் ஆபரேஷன் நடந்த அன்று ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து தட்டினார். அக்காவைக் கைப்பிடித்து வெளியே கூட்டிவந்தது யாரோ ஒரு ஆயா.

இடது கண்ணுக்கு வியாழக்கிழமை நாள் குறித்தார்கள். அன்றைக்குத்தான் ரீஸ்டார்ட். எனக்கு எரிச்சலாக வந்தது.

"ஃபைல்ல எழுதிடலாமே சார். மூணு வரிதானே?"

டீயை ஊதிக்கொண்டிருந்தார். "எழுதிட்டா அப்பால என்னை எதுக்கும்மா கூப்புடப் போறாங்க கிருஷ்ணப்பிரியா? இந்த வயசுல எவன் வேலை குடுப்பான்?"

அட மனுஷா என்றிருந்தது. மறதியில்லை, தெரியாமையில்லை, தெரிந்தேதான் எழுதாமல் இருந்திருக்கிறார். திட்டத்தான் நினைத்தேன். ஆனால் காட்டுப்பாக்கத்து ஃப்ளாட்டில் எனக்கும் தினம் அந்தப் பயத்தோடுதான் விடிகிறது.

"அக்கா என்ன சொல்றாங்க?"

"இன்னா சொல்வா. நீ வராத, பக்கத்து ஊட்டு எல்லம்மாவ இட்டுகினு போறேன்றா."

புதன்கிழமை மாலை அவரே எட்டிலும் எழுதினார். ஒரு கெஸ்டை மட்டும் ரீஸ்டார்ட் செய்து பார்த்தார். முகவரி போட்ட இடத்தில் இருந்தது. "நிக்குது" என்றார், இழவு சொல்கிற குரலில்.

வியாழக்கிழமை எட்டும் தானாக எழுந்து வேலையைப் பார்த்தன.

மறுநாள் வந்தவரிடம் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததா என்று கேட்டேன்.

"ஆச்சும்மா. நான்தான் கையப் புடிச்சி இட்டாந்தேன்." நாற்காலியில் சாய்ந்தார். "போனைக் கையிலயே வெச்சிகினு இருந்தேன். ஒரு கண்ணுல கட்டு, இன்னொரு கண்ணால என்னையே பாத்துகினு இருந்தா. இன்னாய்யா, நான் செத்துப்பூட்ட மாரி மூஞ்சிய வெச்சிகினு கீறன்னு கேட்டா."

அவரும் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை. களைத்துப்போன முகம்.

"நேத்து ஒருத்தர்கூடவா என்னைக் கேக்கல?"

"இல்ல சார்" என்றேன். பொய் சொல்லியிருக்கலாம்.