பதிமூன்றா, முப்பதா

ஜப்பானியப் பதக்கம் ஒன்று கைக்கு வந்தால் முதலில் அதைத் திருப்பிப் பார்க்க வேண்டும். முன்பக்கம் பெருமை பேசும், விஷயம் பின்பக்கத்தில்தான் இருக்கும். இன்று என்னிடம் நாற்பதுக்கு மேல் இருக்கின்றன. எது எந்த வருஷத்தது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். சரி, ஒரு கண்ணையாவது மூடிக்கொண்டு சொல்வேன். ஆனால் என் கைக்கு முதலில் வந்த பதக்கத்தின் வயதைப் பதினேழு வருஷம் தப்பாகச் சொன்னேன்.

அப்போது ஏழாம் வகுப்பு. வீடு திருவொற்றியூரில். அம்மாவின் தம்பி ராயபுரத்தில் ஒரு காயலாங்கடையில் வேலை பார்த்தார். உடைத்த கப்பலிலிருந்து வந்த மேஜை ஒன்றைப் பிரிக்கும்போது இழுப்பறையின் அடியில் சின்னப் பெட்டி ஒன்று கிடைத்ததாம். கடைக்காரரிடம் கேட்டு எனக்காகக் கொண்டுவந்தார். உள்ளே கறுத்துப்போன பித்தளையில் ஒரு பதக்கம். முன்பக்கம் உதிக்கிற சூரியன், அதைச் சுற்றிப் பல்சக்கரம், நடுவில் நெருக்கமாக இரண்டு எழுத்து.

"சாதாரண தகரம்னு நெனச்சிக்காத பாப்பா. ஜப்பான் மிலிட்டரிகாரன் நெஞ்சுல குத்திகினு இருந்தது" என்றார் மாமா. அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. பல்சக்கரத்தைப் பார்த்ததும் அது டாங்கியின் சக்கரம் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

மாமாவின் விரிசல் விட்ட போனில் ஒரு வாரம் படித்தேன். ஜப்பான்காரர்கள் அரசர் பட்டம் ஏறியதிலிருந்து வருஷத்தை எண்ணுவார்கள். ஷோவா என்று அரசர் காலத்தின் பெயர் போட்டிருந்தால், பக்கத்தில் உள்ள எண்ணோடு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தைந்தைக் கூட்டினால் நம்முடைய வருஷம் வந்துவிடும். என் பதக்கத்தின் பின்னால் ஷோவா இருந்தது. எண்ணும் இருந்தது. மூன்று கோடு, பக்கத்தில் ஒரு கூட்டல் குறி. மூன்று கோடு மூன்று, கூட்டல் குறி பத்து. தமிழ்ப் பிள்ளைக்கு இதைவிடச் சுலபமான கணக்கு கிடையாது. மூன்று முன்னால் வந்தால் முப்பது, பத்து முன்னால் வந்தால் பதிமூன்று.

எது முன்னால் என்பதுதான் கேள்வி. போர் முடியும் வரைக்கும் பதக்கங்களில் வலமிருந்து இடமாக எழுதினார்கள், பிறகு இடமிருந்து வலமாக மாறிவிட்டது என்றும் படித்திருந்தேன். எங்கள் பக்கத்து உருது போர்டுகளைப் பார்த்து வளர்ந்தவளுக்கு அது ஒன்றும் அதிசயமில்லை. இது போர்ப் பதக்கம், ஆகவே வலமிருந்து படிக்க வேண்டும். வலமிருந்து படித்தால் பதிமூன்று, அதாவது 1938. 1938 என்றால் போர்க்காலம், ஆகவே இது போர்ப் பதக்கம். நாய் தன் வாலைப் பிடிக்கச் சுற்றுவதுபோலச் சுற்றி வந்து நிரூபித்துவிட்டேன். அப்படிப் படித்தால் ஷோவா என்பதே தலைகீழாகி 'வாஷோ' என்று நிற்கும் என்பது கண்ணில் பட்டது. பட்டால் என்ன?

ஆர்வம் தாங்காமல், பதக்கம் சேர்ப்பவர்கள் கூடும் ஓர் இணையதளத்தில் மாமாவின் பெயரில் படம் போட்டு, இது எந்தப் போருக்குக் கொடுத்தது என்று கேட்டேன். எந்த வருஷம் என்று கேட்கவில்லை. அதுதான் தெரியுமே.

பிப்ரவரியில் பள்ளியில் கண்காட்சி. என் பதக்கத்துக்குத் தனி மேஜை. பெற்றோர் வந்து பார்க்கலாம் என்றார்கள். எனக்கு அம்மா வந்தால் போதாது, நைனா வர வேண்டும். எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம்.

நைனா எண்ணூரில் ஒரு தொழிற்சாலையில் கான்ட்ராக்ட் ஆள். ஒன்பது வருஷமாக அதே கேட், அதே மிஷின். கான்ட்ராக்டர் மட்டும் மாறிக்கொண்டே இருப்பார். அவர் மாறும்போதெல்லாம் நைனாவுக்குப் புது கேட் பாஸ், புதுத் தேதி. காகிதப்படி பார்த்தால் அவர் எப்போதும் போன வருஷம் சேர்ந்தவர். கண்காட்சிக்கு முந்திய ஏப்ரலில்தான் சூப்பர்வைசர் சொல்லியிருந்தார், அடுத்த மார்ச் வரைக்கும் ஒரு நாள்கூட மட்டம் போடாமல் வந்தால் பர்மனென்ட் லிஸ்டில் பெயரைச் சேர்க்கிறேன் என்று.

அதிலிருந்து நைனா மட்டம் போடவே இல்லை. காய்ச்சலோடு போனார். எர்ணாவூரில் முழங்கால் தண்ணீர் நின்ற நாளில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு போனார். மாமாவின் கல்யாணத்துக்குத் தாலி கட்டி முடிந்து பந்தியும் முடிந்த பிறகு யூனிஃபார்மோடு வந்தார். "எங்கூட்டுக்காரி கழுத்துல மூணு முடிச்சு வுழுந்தத பாக்காத ஒரே மச்சான் இவுருதான்" என்று மாமா இன்றும் சொல்லிக்காட்டுவார்.

இதெல்லாம் எனக்குத் தெரியாதது அல்ல. அவரைக் கூப்பிடாதே, இன்னும் ஐந்து வாரம்தான் இருக்கிறது என்று அம்மா என்னைத் தனியாக அழைத்துச் சொன்னாள். நான் சாப்பிடாமல் படுத்தேன். மறுநாள் காலையும் சாப்பிடவில்லை. எல்லோர் அப்பாவும் வருவார்கள் என்று சுவரைப் பார்த்துச் சொன்னேன். பொய். என் வகுப்பில் பாதிப் பேருடைய அப்பாக்கள் கடலில் இருந்தார்கள், மீதிப் பேருடையவர்கள் ஷிஃப்டில்.

கண்காட்சி அன்று நைனா வந்தார். மாமா கல்யாணத்துக்குத் தைத்துப் போடாமலே மடித்து வைத்திருந்த நீலச் சட்டை. வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் முன்பின் தெரியாதவர்போல என்னைக் கேட்டார், "இது எந்த காலத்துதுங்க மேடம்?" நான் ஷோவாவில் ஆரம்பித்து டாங்கி வரைக்கும் ஒப்பித்தேன். பின்னால் நின்றவரிடம் திரும்பி, "எம் பொண்ணுதான் கண்டுபுட்சிது. நமக்கு இதெல்லாம் படிக்க வருமா?" என்றார். பரிசு அறிவிக்கும் வரைக்கும் இருந்தார். எனக்கு இரண்டாம் பரிசு. போகும்போது வேலை என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு, சொல்லிவிட்டுத்தான் வந்தேன் என்றார். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

ஏப்ரலில் லிஸ்ட் வந்தது. நைனாவின் பெயர் இல்லை. அந்த ஒரு நாள் இல்லாவிட்டால் இருந்திருக்குமா என்று இப்போது யோசிக்கிறேன். சூப்பர்வைசர்கள் வாக்குக் கொடுக்கும் விதத்தை இன்று ஓரளவு அறிந்திருப்பதால், இருந்திருக்காது என்று நினைத்துக்கொள்ள எனக்கு வசதியாகவும் இருக்கிறது. அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. டிபன் பாக்ஸ் கழுவாததற்குக் கோபம் என்று நினைத்து இரண்டு நாளும் விழுந்து விழுந்து கழுவினேன்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாலை மாமா போனைத் தூக்கிக்கொண்டு வந்தார். இணையதளத்தில் யாரோ பதில் எழுதியிருந்தார்கள். பொறுமையான மனிதர். இது போர்ப் பதக்கம் அல்ல, வலமிருந்து படித்துவிட்டீர்கள், இடமிருந்து படித்தால் முப்பது, அதாவது 1955, போர் முடிந்து பத்து வருஷம் ஆகிவிட்டது என்று எழுதியிருந்தார். பல்சக்கரம் தொழிற்சாலையின் சின்னமாம். நடுவில் இருக்கும் இரண்டு எழுத்துக்கு 'ஒரு நாளும் தவறாமல் வேலைக்கு வந்தவர்' என்று பொருளாம்.

மாமா இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மட்டம் போடாததுக்கு மெடலா? ஜப்பான்காரன் இன்னாத்துக்கெல்லாம் குடுக்குறான் பாரு."

எனக்கு அழுகை வந்தது. வாளோ துப்பாக்கியோ இல்லாத ஒரு மனிதன், தினமும் காலையில் எழுந்து, தினமும் அதே வேலைக்குப் போயிருக்கிறான். அவ்வளவுதானா? "மட்டமான மெடல்" என்று சொல்லி அதைப் பாயில் எறிந்தேன்.

நைனா அதை எடுத்தார். லுங்கியில் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முதலில் முன்பக்கம், பிறகு பின்பக்கம். சேகரிப்பவர்கள் பார்ப்பதுபோலவே வெகுநேரம் பார்த்தார்.

"எத்தினி நாள் வந்தா குடுப்பாங்களாம்?"

"ஒரு வருஷம் முழுக்க, நைனா." போனில் இருந்ததை விரலால் தள்ளித் தள்ளிப் படித்துச் சொன்னேன்.

"நடுவுல ஒரே ஒரு நாள் போவலன்னா?"

எனக்குச் சட்டென்று அழுகை நின்றுவிட்டது. என் பதக்கத்தைப் பற்றி வீட்டில் ஒருவர் ஒழுங்கான கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவை. நிமிர்ந்து உட்கார்ந்து, நிபுணர்களின் குரலில் சொன்னேன். "ஒரு நாள்னாலும் கிடையாது. அதான் ரூல்ஸ்."

அம்மா அடுப்பங்கரையிலிருந்து என் பெயரைச் சொல்லி அதட்டினாள். நைனா அவளைக் கையமர்த்தினார். "அது கரெக்ட்டாதான் சொல்லுது" என்றார். பிறகு பதக்கத்தைப் பெட்டியில் வைத்து, மூடி சரியாகப் பொருந்தும்வரை இரண்டு முறை அழுத்திப் பார்த்து என்னிடம் நீட்டினார்.

நைனாவுக்கும் என் பைத்தியம் பிடித்துவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம். அடுத்ததைக் கண்டுபிடித்தால் முதலில் உங்களிடம்தான் காட்டுவேன் என்று வாக்குக் கொடுத்தேன்.