வண்டி வாயில் போட்ட பாக்கு

அந்தக் கொட்டைப்பாக்கை நான் போட்டிருக்கக் கூடாது. பொரியும் பொட்டுக்கடலையும் மட்டும் என்றால் தூளாகிப் போயிருக்கும்.

பெங்களூர் நீலசந்திராவில் எங்கள் வீட்டு வாசலில் நின்றது பட்டாளத்தார் ஏலத்தில் விட்ட பழைய பிக்கப். பனிக்காலத்தில் கண்ணாடிக்குச் சூடு ஊதுகிற ஹீட்டர்கூட அதில் உண்டு. வண்டி முதலாளி கௌடருடையது. ஓட்டியது அப்பா என்பதால் எனக்கு அது எங்கள் வண்டிதான். ஆயுத பூஜையன்று அதற்குச் சந்தனம் வைத்தார்கள், மாலை போட்டார்கள், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். வாயில் மட்டும் யாரும் ஒன்றும் போடவில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. முன்கண்ணாடிக்குக் கீழே கம்பி போட்ட சந்து ஒன்று இருந்தது. அதுதான் வாய் என்று முடிவுகட்டி ஒரு கை பொரிகடலையைப் போட்டேன். சாப்பிட்டால் பாக்கு வேண்டாமா? அதையும் அமுக்கித் தள்ளினேன்.

மார்கழியில் அப்பா ஹீட்டரைப் போட்டதும் உள்ளே யாரோ கல்லை இடிப்பதுபோல் சத்தம். நிறுத்தினால் கண்ணாடியில் பனி மூடிக்கொண்டது. போட்டால் பக்கத்தில் உட்கார்ந்து வரும் கௌடருக்குக் காது வலித்தது. மூன்றாம் நாள் வாசலில் நின்றே சொல்லிவிட்டார்.

"ஏனப்பா, இது வண்டியா ரைஸ் மில்லா? திங்கக்கிழமைக்குள்ள சரி பண்ணு. இல்லேன்னா சாவிய வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்."

 

ஞாயிற்றுக்கிழமை பகலில் அப்பா சிவாஜிநகர் பழைய சாமான் கடைகளில் அலைந்து ஹீட்டருக்கு ஒரு விசிறி கொண்டுவந்தார். டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்து ஹீட்டர் மோட்டாரை இறக்கினார். பழைய விசிறியில் இரண்டு இறக்கை ஒடிந்திருந்தது. வாங்கி வந்ததன் துளை கொஞ்சம் பெரிது; தண்டில் தகரத் துண்டைச் சுற்றி இறுக்கினார். பழைய கூட்டைக் கவிழ்த்தபோது அவர் உள்ளங்கையில் கறுத்த பொரியும் அந்தப் பாக்கும் விழுந்தன. என்னைப் பார்த்தார். நான் பக்கத்து வீட்டுக் கோழியைப் பார்த்தேன்.

"என்னாங்க இருந்துச்சு உள்ள?" என்றாள் அம்மா.

"எலிதான்," என்றார் அப்பா. "பாக்கு போடற எலி."

சத்தம் நின்றது. சாவி அப்பாவிடமே இருந்தது. அவ்வளவு பெரிய மனுஷரான அப்பாவையே ஏமாற்றிவிட்டேன் என்று எனக்கு ரொம்ப நாள் பெருமை.

அடுத்த ஆயுத பூஜைக்கு அப்பா வண்டியின் அந்த வாயைச் சாக்கால் மூடி, அதன்மேல் ஒரு வாழையிலை விரித்தார். பொரித் தட்டை முதலில் என் கையில்தான் கொடுத்தார். மறுநாள் காலையில் சாக்கை எடுத்துவிட்டார். வருஷத்தில் ஒரே நாள் வருகிற எலிக்கு இவ்வளவு பயமா என்று அப்பாவை நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.