‘இருபத்தஞ்சு’ என்றொரு பெட்டி

ஏலக் கூடத்தின் கிழக்கு மூலையிலுள்ள எடைமேடை தராசக்காவின் பொறுப்பில் இருந்தது. பத்தொன்பது வயதில் மீன் தரம் பிரிக்க வந்தவர், ஏழாம் ஆண்டில் மேடைக்கு மாறினார். மொத்தம் இருபத்தாறு ஆண்டுப் பணி. மகள் பிறந்தபோது எடுத்த விடுப்பைத் தவிர்த்தால், அவர் வராத நாள்கள் நாற்பத்தொன்றுதான். அவருடைய மேடைக்கு ஏற்றுமதி மீன் மட்டுமே வரும். மற்றதெல்லாம் பெட்டிக் கணக்கில் போய்விடும். எடை போட யாருக்கும் பொறுமை இல்லை.

அந்த ஆண்டு முகத்துவாரத்தில் மணல் சேர்ந்தது. தராசக்காவின் கணவர் இயந்திரம் ஓட்டும் படகு இரண்டு முறை தரைதட்டியது. தூர்வாரும் கப்பல் வேண்டுமென்றால் ஆண்டுக்குப் பத்தாயிரம் டன் மீன் இறங்கியிருக்க வேண்டும் என்பது விதி. கப்பல் வராவிட்டால் பெரிய படகுகள் வேறு துறைமுகம் பார்த்துக்கொள்ளும். பிறகு ஐஸ் ஆலைக்கும் வலை பின்னும் கொட்டகைகளுக்கும் வேலை இருக்காது. உள்நாட்டின் பதினொரு ஊர்ச் சந்தைகளுக்குப் போகும் லாரிகளும் நின்றுவிடும்.

ஆய்வு அதிகாரி வந்த காலையில் எழுத்தர் பதிவேட்டை விரித்தார்.

“மூணு லட்சத்து இருபத்தெட்டாயிரம் பெட்டி சார். பெட்டிக்கு இருபத்தஞ்சு கிலோ. எட்டாயிரத்து இருநூறு டன் வருது.”

பத்தாயிரம் தேறாது என்று அதிகாரி கோப்பை மூடினார். அந்நேரம் வெளியே, ‘வெடி’ என்று பட்டப்பெயர் பெற்ற படகுக்காரரின் குரல் கேட்டது: “இன்னும் நாலு இருபத்தஞ்சு கொண்டாங்கப்பா!”

ஆயிரம் முறை கேட்ட பேச்சுதான். அன்றைக்கு அது தராசக்காவின் காதில் முள்ளாகத் தைத்தது. மரப்பெட்டிகள் இருபத்தைந்து கிலோ பிடித்தன. பதினொரு ஆண்டுகளுக்கு முன் அவற்றை ஒழித்துவிட்டு, அவற்றைவிடச் சற்றுப் பெரிய நீலப் பிளாஸ்டிக் பெட்டிகளைக் கொண்டுவந்தார்கள். மரம் போயிற்று, பெயர் ஒட்டிக்கொண்டது.

“சார், ஒரு நிமிஷம். அந்த இருபத்தஞ்சு எடை இல்ல. பெட்டியோட பேரு.”

எழுத்தர் முகம் வெளிறியது. “அப்போ பதினோரு வருஷமா நான் தப்பாவா எழுதுறேன், அக்கா?”

“நீ காதுல விழுந்ததைத்தான் எழுதின, தம்பி. எங்க வாய்தான் தப்பு.”

உள்ளே நுழைந்த வெடி, விஷயம் புரிந்ததும் ஒத்து ஊதினார். “என் தம்பியை வீட்டுல இன்னும் குட்டின்னுதான் கூப்பிடுறோம் சார். நூத்திரண்டு கிலோ இருக்கான்.”

அதிகாரி சிரிக்கவில்லை. “நூறு பெட்டி எடை போடுங்க. ஐஸ் இல்லாம, தண்ணி வடிச்சு, வெறும் பெட்டி எடையையும் கழிச்சு. எந்தப் பெட்டின்னு நான் சொல்றேன்.”

சராசரி முப்பதரை கிலோவைத் தாண்டினால் பத்தாயிரம் டன் தேறும். ஏழு படகுகளின் பெட்டிகளில் அதிகாரி சாக்கட்டியால் குறியிட்டுக்கொண்டே போனார். அவர் முதுகு திரும்பியதும், வெடி ஒரு பெட்டியில் இரு கை மீனை அள்ளிப் போட்டார்.

“எடுங்கண்ணே,” என்றார் தராசக்கா.

“ரெண்டே கைதானேம்மா.”

“அதை அவர் பாத்துட்டா மிச்சம் தொண்ணூத்தொம்பதும் பொய்யாயிடும். எடுங்க.”

வெடி முணுமுணுத்தபடி எடுத்தார்.

முதல் பெட்டி இருபத்தொன்பதே முக்கால். இரண்டாவது முப்பது. எழுத்தர் நகத்தைக் கடித்தார். தராசக்கா நிமிர்ந்துகூடப் பார்க்காமல், ஒவ்வொரு முறையும் முள் நின்ற பிறகே எடையைச் சொன்னார். ஐந்தாவது முப்பத்திரண்டு. அதன்பின் எண்கள் ஏறுமுகம்தான். நூறாவது பெட்டி இறங்கியபோது மொத்தம் மூவாயிரத்து நூற்றிருபது கிலோ; பெட்டிக்கு முப்பத்தொரு கிலோ இருநூறு கிராம்.

அதிகாரி இரண்டு முறை பெருக்கிப் பார்த்தார். “பத்தாயிரத்து இருநூத்தி முப்பத்துமூணு டன்,” என்றவர், பேனாவைத் திறந்து கையெழுத்திட்டார். “இந்தத் துறைமுகம் தன்னையே குறைச்சுச் சொல்லிக்கிட்டு இருந்திருக்கு, அம்மா.”

நாற்பத்தேழாம் நாள் தூர்வாரும் கப்பல் வந்தது. அது வேலையை முடித்துப் போன மறுநாள், கடல் நன்றாக வற்றியிருந்த நண்பகலில், தராசக்காவின் கணவர் படகு சங்கொலி எழுப்பிக்கொண்டு நேராக உள்ளே வந்தது. ஏலக் கூடமே வாசலுக்கு ஓடியது. தராசக்கா மட்டும் மேடையை விட்டு நகரவில்லை. ஆனால் முகமெல்லாம் சிரிப்பு.

“அஞ்சு இருபத்தஞ்சு!” என்று கூவினார் வெடி.

எழுத்தர் தயங்காமல் எழுதினார்: நூற்றைம்பத்தாறு கிலோ.